லேபிள் உரித்த இசைத்தட்டு

வெர்டெல் ஹட்சின்ஸ் டெட்ராய்ட் நகரப் பேருந்து டிப்போவில் பிரேக் பார்க்கிறவன். வயது ஐம்பத்தொன்று. முழங்கால் இரண்டும் போய்விட்டன. வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொள்வான். இருபத்தாறு வருடமாக எனக்கு அடுத்த பள்ளம் அவனுடையது. அவனைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலையில் அவசரப்படவே மாட்டான். லியாண்டர் காஸ் என்ற பெயர் காதில் விழுந்தால் வாயை மூடவே மாட்டான்.

லியாண்டர் காஸ் யார் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அவன் பிறந்திருக்கிறான் என்று அவன் மனைவி ரொவீனா சொல்வாள்.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தரைக்குக் கீழே ஒரு அடித்தள அறை உண்டு. அடித்தளத்துக்கு ஒரு பீட் செய்பவன் உண்டு. ராப் பாடுகிறவன் முகம் சுவரொட்டியில் வரும். அவன் குரலுக்கு அடியில் தாளத்தைக் கட்டிக் கொடுத்தவன் பெயர் உறையின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில் இருக்கும். லியாண்டர் காஸ் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். 1997இல் ஒரு ஆல்பம் போட்டார். பாடுகிறவர் யாரும் கிடையாது, வெறும் பீட் மட்டும். ‘பேஸ்மென்ட் வெதர்’ என்று பெயர், அடித்தளத்து வானிலை. முந்நூறு இசைத்தட்டு அச்சடித்தார். அதில் பாதி விற்காமல் வீட்டில் கிடந்து, ஒரு வெள்ளத்தில் போயிற்று. அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். இப்போது ஒரு மருத்துவமனைக்குச் சலவைத் துணி ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறார்.

வெர்டெலுக்கு அந்தத் தட்டு 2001இல் கிடைத்தது. பிக் ஆஸ்கர் என்ற டீஜே தன் பெட்டிகளைக் காலி செய்த அன்று அவருடைய கராஜில் கிடைத்தது. ஆஸ்கருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் காலத்து டீஜேக்கள் பலருக்கும் அது உண்டு. விருந்துகளில் ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் எட்டிப் பார்ப்பார்கள். கூட்டத்தை ஆட்டிவைக்கும் தட்டு எது என்று லேபிளில் படித்துவிட்டால், அடுத்த வாரம் அதே தட்டு போட்டியாளன் பெட்டியில் இருக்கும். அதனால் நல்ல தட்டு கைக்கு வந்ததும் ஆஸ்கர் அதைக் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, இரண்டு பக்க லேபிளையும் நகத்தால் உரித்துவிடுவார். வெர்டெலுக்கு வந்த தட்டு நடுவில் வெறும் கறுப்பாக இருந்தது. வெள்ளை உறைக்குள் மட்டும் மார்க்கர் பேனாவால் ஆள் பெயரும் ஆல்பம் பெயரும் எழுதியிருந்தது. முதல் பக்கம் எது, பாட்டுகளின் பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. வெர்டெல் தானே பெயர் வைத்துக்கொண்டான். ஒன்றுக்கு ‘பனி விழும் சத்தம்’ என்று பெயர்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவன் குடியை நிறுத்தினான். டீ டம்ளரைப் பிடித்தால் டம்ளர் மேஜையில் தாளம் போடும். தூக்கம் வராது. வேலை முடிந்து வந்து அடித்தளத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டைப் போடுவான். அவ்வளவு மெதுவாக யாரும் பீட் செய்து அவன் கேட்டதில்லை. ஒவ்வொரு அடியும் விழலாமா வேண்டாமா என்று யோசித்து விழும். ஒரு பாட்டின் தொடக்கத்தில் ஒரு ஆண் குரல், கனமான குரல், வார்த்தையில்லாமல் முணுமுணுக்கும். அது காஸின் குரல்தான் என்று வெர்டெல் முடிவு செய்திருந்தான். “என் கை நடுங்கும். அந்த ஆள் நடுங்க மாட்டார். அவர் போற வேகத்துல நான் போனேன், அவ்வளவுதான்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். வசந்தம் வந்தபோது டம்ளர் சத்தமில்லாமல் நின்றது.

பிறகு அவன் ஒரு தொற்றுநோய்க்காரன் மாதிரி ஆனான். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கேசட்டில் பதிந்து கொடுத்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். அந்தக் கேசட்டுகளில் ஒன்றை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். நாற்பதாயிரம் பேர் கேட்டுவிட்டதாக அவன் மகள் வந்து சொன்னாள். லியாண்டர் காஸ் என்ற பெயர் இன்று இந்த நகரத்துக்கு வெளியே பத்துப் பேருக்குத் தெரிகிறதென்றால் அது வெர்டெலால்தான். ஆனால் காஸை அவன் பார்த்ததில்லை. லேபிளும் அட்டையும் உள்ள ஒரு தட்டு வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாகத் தேடினான். அதுவும் கிடைக்கவில்லை.

இரண்டும் ஒரே வாரத்தில் கிடைத்தன.

லிவர்னாய் சாலையில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறாள் டொரிண்டா பீப்பிள்ஸ். அறுபது வயதிருக்கும். எல்லோருக்கும் அவள் மிஸ் டொரிண்டா. போன இலையுதிர் காலத்தில் அவள் காஸைத் தேடிப் பிடித்து, ஒரு சனிக்கிழமை மதியம் கடையில் அவருக்கு ஒரு பாராட்டு வைக்க ஒப்புக்கொள்ள வைத்தாள். முதலில் ஒரு பாட்டைப் போட்டு, பிறகு அவரை அறிமுகம் செய்து பேசவேண்டியது வெர்டெல். வேறு யார் பேசுவது? மூன்று வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினான். பள்ளத்துக்குள்ளிருந்து எனக்குப் படித்துக் காட்டுவான். முழுக்க முழுக்க அந்த நிதானத்தைப் பற்றித்தான். எல்லோரும் ஓடியபோது ஒருவர் மட்டும் நடந்தார் என்று முதல் வரி. கடைச் சன்னலில் ஒட்டிய சுவரொட்டியிலும் அவன் வாசகம்தான்: ‘டெட்ராய்ட்டின் மிக நிதானமான பீட்.’

பாராட்டுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, மிஸ் டொரிண்டா போன் செய்து அவனை வரச் சொன்னாள். அங்கே நடந்ததை மறுநாள் அவனே எனக்குச் சொன்னான்.

“உக்காரு” என்றாளாம்.

“எதுக்கு?”

“உன் முழங்காலுக்காகச் சொல்லல. உக்காரு.”

ஒரு வீட்டில் பழைய சாமான் விற்றபோது மூன்று பெட்டித் தட்டு வாங்கியிருந்தாள். அதிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆரஞ்சு நிற அட்டை. அதில் ஒரு பழைய உலையின் படம். மேலே லியாண்டர் காஸ் என்று இருந்தது. வெர்டெல் கையைப் பேண்ட்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டான். ஆனாலும் தொடவில்லை. அவள்தான் தட்டை எடுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். “மிஸ் டொரிண்டா, வேகத்தத் தப்பா வெச்சிட்டீங்க.”

“லேபிள்ல போட்டிருக்கறதத்தான் வெச்சேன்.”

“என்ன போட்டிருக்கு?”

“கண்ணாடி போட்டுக்கிட்டு நீயே படி.”

நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. பெரிய தட்டென்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்பது கைப்பழக்கம். யாரும் யோசிப்பதில்லை. சத்தம் கனமாக வரவேண்டும் என்று சிலர் பெரிய தட்டையும் நாற்பத்தைந்தில் ஓடும்படி அடிப்பார்கள். அப்படி அடித்தால் லேபிளில் எழுதுவார்கள். அந்தத் தட்டை முப்பத்துமூன்றில் ஓட்டினால் பாட்டு இழுபடும், குரல் தடிக்கும். வெர்டெலின் தட்டில் லேபிள் கிடையாது.

“அச்சுப் பிழை” என்றான்.

“ரெண்டு பக்கத்துலயுமா?”

“ஒரே ஆளுதானே அடிச்சிருப்பான்.”

அவன் வாதாடினான். பீட் செய்கிறவர்கள் எல்லோரும் வேகத்தோடு விளையாடுகிறவர்கள்தான். அந்தக் காலத்து இயந்திரங்களில் சில விநாடிகளுக்குத்தான் இடம் இருக்கும். பழைய பாட்டை வேகமாக ஓட்டி உள்ளே திணித்து, உள்ளே போனபின் இழுத்து மெதுவாக்குவார்கள். அந்த இழுப்பில்தான் அந்தக் கரகரப்பே வரும். இதை எல்லாம் அவளுக்கே அவன் விளக்கினான். அவள் நாற்பது வருடமாக இந்தக் கடையை நடத்துகிறவள். பொறுமையாகக் கேட்டாள்.

பிறகு அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினாள். அவன் முதல் பக்கம் என்று நினைத்தது இரண்டாம் பக்கம். ‘பனி விழும் சத்தம்’ என்று அவன் பெயர் வைத்த பாட்டின் பெயர் ‘ஃபயர் டிரில்’, தீ விபத்துப் பயிற்சி.

“அவர் பனிய நெனச்சு நெருப்புன்னு வெச்சிருக்கலாம்” என்றானாம் வெர்டெல்.

“வெர்டெல்.”

“வெச்சிருக்கலாம்ல?”

“ஒரு போன் போட்டு அவரையே கேட்டுடட்டா?”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “வேண்டாம். இருபத்திரண்டு வருஷமா அந்த மனுஷனப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். உங்க தட்ட எப்படிக் கேக்கணும்னு அவரையே கேக்கச் சொல்றீங்களா?”

அந்தத் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போனான். அடித்தளத்தில் அதையும் தன் தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டான். லேபிள் உள்ள தட்டு முப்பத்துமூன்றில், லேபிள் இல்லாதது நாற்பத்தைந்தில், பிறகு தலைகீழாக. இரண்டும் ஒரே தட்டுதான். வேகமாக ஓட்டினால் ஒரு வெயில் நாளில் வீட்டுக்கு வெளியே யாரோ பந்து தட்டுவது போல இருந்தது. அவனுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவாக ஓட்டினால் அவனுடைய லியாண்டர் காஸ் திரும்பி வந்தார். கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த முணுமுணுப்பு இருக்கிறதே, அது மெதுவில் ஆண் குரல், வேகத்தில் பெண் குரல். எது உண்மையான குரலோ அதுதான் உண்மையான வேகம். ரொவீனாவை மாடியிலிருந்து கூப்பிட்டான்.

அவள் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து காலை நீட்டியிருந்தாள். கீழே வந்து படியில் உட்கார்ந்தாள்.

“இது ஆம்பளையா பொம்பளையா சொல்லு.”

வேகமாகப் போட்டான்.

“பொம்பள.”

மெதுவாகப் போட்டான்.

“ஆம்பள.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி.”

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?”

“எது நெஜமாத் தெரியுதுன்னு கேக்கறேன்.”

அவள் மறுபடி இரண்டையும் கேட்டாள். “பொம்பளதான். பாத்திரம் கழுவிக்கிட்டே பாடறா. ஆம்பள எவன் இப்படிப் பாடுவான்? ஆம்பள பாடினா யாராவது கேக்கறாங்களான்னு பாத்துக்கிட்டே பாடுவான்.”

“அவர் அப்படிப்பட்டவர் இல்ல.”

“அவர நீ பாத்திருக்கியா?” என்று கேட்டுவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்கர் வீட்டுக்குப் போனான். வழியில் ஒரு தேவாலயத்தில் விற்ற வறுத்த கெளுத்தி மீன் மூன்று பொட்டலம் வாங்கினோம். ஆஸ்கருக்கு எழுபத்தைந்து வயது. ஒரு கண் சரியில்லை. மீனைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார்.

“அண்ணே, காஸ் தட்ட எந்த வேகத்துல போடுவீங்க?” என்றான் வெர்டெல்.

“எந்தக் காஸ்?”

“லியாண்டர் காஸ். நீங்க எனக்கு வித்தீங்களே.”

“நாப்பத்தஞ்சு. தரை அதிரும். ஸ்கேட்டிங் ரிங்க்ல போட்டேன்னா பொண்ணுங்க செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஆடுவாங்க. ஏன்?”

வெர்டெல் மீனைத் தொடவில்லை. “நான் முப்பத்துமூணுல கேட்டேன்.”

“எப்ப?”

“இருபத்திரண்டு வருஷமா.”

ஆஸ்கர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அந்த வயதில் ஆகாது என்கிற அளவுக்குச் சிரித்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். “தம்பி, அதுக்கு லேபிள் உரிச்சு வெச்சிருந்தேன்ல. தாலாட்டுக்கு எவனாவது லேபிள் உரிப்பானா?”

“லேபிள்ல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சா?”

“படிக்கறதுக்கா உரிச்சேன்?”

“பாத்திருப்பீங்கள்ல?”

“எல்லாத் தட்டையும் நான் வேகமாத்தான் ஓட்டுவேன். சர்ச் பாட்டக் கூட நாப்பத்தஞ்சுல போட்டிருக்கேன். கூட்டம் ஆடணும், அவ்வளவுதான் எனக்கு.” பிறகு வெர்டெலின் முகத்தைப் பார்த்து, “மீனத் தின்னு” என்றார்.

ஆக, அங்கேயும் ஒன்றும் முடிவாகவில்லை. திரும்பும்போது வண்டியில் வெர்டெல் தனக்குள் பேசுகிறவன் மாதிரி பேசினான். லேபிள் சரியென்றால் அவன் சொன்னதெல்லாம் வேறு யாரையோ பற்றி. அந்த வேறு யாரோ உலகத்தில் இல்லை. இல்லாத ஆள் எப்படித் தன் கையைப் பிடித்து அந்தக் குளிர்காலத்தைக் கடக்க வைத்திருக்க முடியும்? லேபிள் தப்பென்றால் எல்லாம் சரி. ஆனால் ரொவீனா பெண் குரல் என்கிறாள். அவள் காது அவ்வளவு சுலபமாகத் தப்புச் செய்யாது. “நீ என்ன சொல்ற?” என்றான்.

எனக்கும் கேசட்டைத்தான் தெரியும் என்றேன்.

“நாளைக்கு நான் எந்தப் பட்டன அமுக்கறது?”

சிவப்பு விளக்கு மாறி, பின்னால் ஹார்ன் அடித்த பிறகும் அவன் வண்டியை எடுக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடையில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் இளவயதுக்காரர்கள், இணையத்தில் கேட்டு வந்தவர்கள். ஒருவன் பக்கத்து மாநிலத்து டொலீடோவிலிருந்து வந்திருந்தான். மிஸ் டொரிண்டா மடக்கு நாற்காலிகள் போட்டு, சிவப்பு சோடாவும் சிப்ஸும் வைத்திருந்தாள். சன்னலில் சுவரொட்டி அப்படியே இருந்தது. லியாண்டர் காஸ் தனியாக வந்தார். மெலிந்த மனிதர், அறுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டை. வேகவேகமாக நடந்தார், வேகவேகமாகக் கை கொடுத்தார், உட்கார்ந்த பிறகும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலைத்தான் வெர்டெல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுகூடக் கேட்டிருக்கலாம். நான்கடி தூரம்தான். அவன் பக்கத்தில் போனான். “உங்களச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம் மிஸ்டர் காஸ்” என்றான். “நீங்கதான் ஹட்சின்ஸா? ரொம்ப நல்லாப் பேசுவீங்கன்னு சொன்னாங்க” என்றார் அவர். வெர்டெல் தலையாட்டிவிட்டு இசைத்தட்டு இயந்திரத்திடம் போனான்.

முப்பத்துமூன்றை அமுக்கினான்.

அந்த முதல் அடி விழுந்ததும் கடை முழுவதும் ஒரு மூச்சு கேட்டது. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். டொலீடோக்காரன் தலையை மெல்ல ஆட்டினான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த வேகம். வெர்டெலின் தோள் இறங்கியது. காஸ் மரியாதையாகக் கேட்டார். பாட்டு முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். பிறகு மிஸ் டொரிண்டா பக்கம் சாய்ந்து கேட்டார். கடை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“நல்லா இருக்கும்மா. யாரோடது?”

யாரும் சிரிக்கவில்லை. முதலில் புரியவில்லை. மிஸ் டொரிண்டா வெர்டெலைப் பார்த்தாள். வெர்டெல் தட்டைப் பார்த்தான். அவன் கை தானாகப் போய் அடுத்த பட்டனை அமுக்கி, முள்ளைத் தொடக்கத்தில் வைத்தது.

அதே பாட்டு குதித்து ஓடியது. காஸின் கால் நின்று, பிறகு சரியாகத் தாளத்தில் விழுந்தது. “ஆங்!” என்றார்.

“வேகத்தக் கொறைப்பா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“மெஷின் ரிப்பேரு!”

“மிஸ் டொரிண்டா, பெல்ட் போச்சுபோல!”

காஸ் நாற்காலியிலேயே திரும்பினார். “எதுக்குக் கொறைக்கணும்?”

“இது இப்படி வராது சார்” என்றான் டொலீடோக்காரன் பணிவாக. “ஒரிஜினல் மெதுவா வரும்.”

“தம்பி, நான்தான் செஞ்சேன்.”

“தெரியும் சார். ஆனா ஒரிஜினல் மெதுவா வரும்.”

இப்போது சிரிப்பு வந்தது, நாலாபக்கமும். காஸ் சிரிக்கவில்லை. கேலி செய்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெர்டெல் முள்ளைத் தூக்கினான்.

“தப்பு என்னுது” என்றான். லேபிள் இல்லாத தட்டைத் தூக்கிக் காட்டினான். கராஜ், குளியல் தொட்டி, கேசட்டு, எல்லாவற்றையும் சொன்னான். குடியைப் பற்றியும் சொன்னான். அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு பக்கத்தையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டான். “நான் இன்னைக்குப் பேச வந்தது உங்களப் பத்தி இல்ல மிஸ்டர் காஸ். யாரப் பத்தின்னு எனக்கே தெரியல. மன்னிச்சிடுங்க.”

காஸ் எழுந்து வந்தார். வெறும் கறுப்பாக இருந்த தட்டின் நடுவில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“உன்னோடது எவ்வளவு நேரம் ஓடும்? ரெண்டு பக்கமும் சேர்த்து?”

“முப்பத்திரண்டு நிமிஷம்.”

“என்னோடது இருபத்துநாலு.” கொஞ்சம் யோசித்தார். “எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்த யார் செஞ்சது?”

வெர்டெல் தட்டை மறுபடி இயந்திரத்தில் வைத்தான்.

“இன்னொரு தடவ போடு. உன் வேகத்துல. முணுமுணுக்கறது வருமே, அது.”

போட்டான். அந்தக் கனமான ஆண் குரல் வந்தது. காஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இது நீங்கன்னு நெனச்சேன்” என்றான் வெர்டெல்.

“நான் பாடவே மாட்டேன். இது யூனிஸ். அப்ப எங்கூட இருந்தா. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா, அவளுக்குத் தெரியாம மைக்க வெச்சேன்.” மறுபடி கேட்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “இப்ப அவளோட அப்பா மாதிரி இருக்கு. அச்சு அசல் அவங்கப்பா. அந்த ஆளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.”

யாரோ சோடா டின்னைத் திறக்கப்போய், திறக்காமல் கீழே வைத்தார்கள்.

“அதுல என்ன எழுதியிருக்க?” என்றார் காஸ், காகிதத்தைக் காட்டி.

“வேண்டாம் மிஸ்டர் காஸ்.”

“எனக்கு எழுதினதுதானே. படி.”

வெர்டெல் கண்ணாடியைப் போட்டான். எல்லோரும் ஓடியபோது ஒருவர் மட்டும் நடந்தார் என்று தொடங்கினான்.

“நான் நடக்கல” என்றார் காஸ். “அந்த வருஷம் ரெண்டு வேல பாத்தேன். ரெண்டு வேலைக்கும் நடுவுல கெடைக்கற ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாட்ட முடிச்சாகணும். ஓடினேன்.”

“நிறுத்திடட்டா?”

“படி.”

அவர் ஸ்னேர் டிரம்மைத் தாமதமாக அடிக்கிறார், இனி வராது என்று நாம் கைவிடும் நொடியில் அது வருகிறது, இழப்பைத் தெரிந்தவரால்தான் அப்படிக் காக்கவைக்க முடியும் என்று படித்தான்.

“கை பிந்திப்போச்சு. ஒவ்வொரு தடவயும் அங்க பிந்தும். என் வேகத்துல யாருக்கும் தெரியாதுன்னு விட்டுட்டேன். உன் வேகத்துல நல்லாவே தெரியுது.” வெட்கப்பட்டாரா கோபப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. “இழப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. அப்ப நான் சந்தோஷமாத்தான் இருந்தேன். யூனிஸ் என்னை விட்டுப் போனது அடுத்த வருஷம்.”

வெர்டெல் காகிதத்தைத் தாழ்த்தினான். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. யூனிஸின் அப்பா முணுமுணுத்து முடித்து, அடுத்த பாட்டு தொடங்கி, அந்த ஸ்னேர் தாமதமாக வந்து விழுந்தது. காஸ் அதற்காகக் காத்திருந்ததை நான் பார்த்தேன். அவருடைய கால் ஆடவில்லை.

“நிப்பாட்டிட்டியே” என்றார். “அந்த ஆளப் பத்தி மேல என்ன எழுதியிருக்க?”

“எந்த ஆளப் பத்தி?”

“எனக்கென்ன தெரியும்? நீதான எழுதின.” மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து வெர்டெலுக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்தார். “படி. நான் இல்லன்னா இல்லன்னு சொல்றேன்.”

வெர்டெல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். முதல் பத்தி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

“இது நான் இல்ல” என்றார் லியாண்டர் காஸ். “மேல படி.”

வெர்டெல் மேலே படித்தான்.